லேத் மெசினுக்குக் கிடைத்த அங்கீகாரம்

தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கப் பரிசோதகர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களின் சான்றிதழ்களையும் பார்த்து முடித்து, "இனிப் பட்டறையைப் பார்ப்போம்" என்றார்.

அதிபர் நோபர்ட்டுக்கு வியர்த்தது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் முப்பது பிள்ளைகளின் இரண்டு வருடப் படிப்பும் வீண். பாவம், அந்தப் பிள்ளைகள்.

பட்டறையில் லேத் மெசினருகே ஒருவர் கை நிறைய கிறீஸுடன் நின்றார்.

"மாணவரா? வயசு கூடுதலாத் தெரியுதே."

"கொஞ்சம் பிந்திச் சேந்தவரு, சேர்" என்றார் நோபர்ட் அவசரமாக.

"மெசின் ஏன் இப்படிச் சத்தம் போடுது?"

"பெல்ட் தளந்திருக்கு சேர். மழைக்காலத்துல அப்படித்தான். இறுக்கிவிட்டா அடங்கிரும்" என்றார் கிறீஸ்காரர். கேட்ட எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார்.

பரிசோதகர் மகிழ்ந்து கையெழுத்திட்டார். "மெசின் பழசு. ஆனா சொந்தப் பொருள் மாதிரித் தெரிஞ்சு வச்சிருக்காங்க. எங்களுக்கு அதுதான் வேணும்."

அவருடைய ஜீப் வளைவில் மறைந்ததும் கிறீஸ்காரர் கையைத் துடைத்தார்.

"கெடச்சிருச்சுல்ல? அப்ப மெசினை லொறியில ஏத்துங்க சேர். பலாபத்வலயில என் கராஜ்ல வேல குமிஞ்சு கெடக்கு."

நோபர்ட் தயங்கினார். "ஸெய்னுலாப்தீன் நானா, இன்னும் ஒரு நாளைக்கு இருக்கட்டுமே. புள்ளைங்க இதை இன்னும் தொட்டுக்கூடப் பாக்கலைங்க."