சிந்துஜா எழுதிய கமெண்ட்கள்

முதல் வரியைக் கேட்டதுமே அது தன் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“‘அந்தக் கிழவி கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத தாயி. பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வா.’”

மகளின் மாமியார் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

சனிக்கிழமை காலை. ஈரோட்டில் சம்பந்தி வீட்டுக் கூடம். உடனே வரச்சொல்லி போன் வந்ததும், என்னமோ ஏதோ என்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருந்தாள்.

மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் சிந்துஜா சமையலறைக் கதவோரம் நின்றாள். கீழுதடு வீங்கியிருந்தது.

“நேத்துத்தானுங்க என் கண்ணுல பட்டுச்சு. உங்க பொண்ணு பேரு, உங்க பொண்ணு போட்டோ. நாடகத்துக்குக் கமெண்ட் போடற சாக்குல என்னையத்தான் ஊரெல்லாம் நாறடிச்சு வெச்சிருக்கறா.”

அந்த வீக்கம் எதற்குக் கிடைத்தது என்று பெற்றவளுக்கு அப்போது விளங்கியது.

ஆறரை மணி நாடகம். அதில் அமிர்தா என்றொரு மருமகள். மாமியார் பட்டினி போடுகிறாள், புருஷன் கை நீட்டுகிறான், அந்தப் பெண் வாயில்லாப் பூச்சியாக அழுதுகொண்டே இருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியாது. தினமும் நாடகம் முடிந்த கையோடு யூடியூபில் அதைத் தேடியெடுத்து, மைக் படத்தை அமுக்கி, மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுவாள். பேசப் பேச எழுத்து தானாக விழும்.

போன் சிந்துஜாவுடையது. கல்யாணத்துக்குப் புதுசு வாங்கியபோது பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எழுதியதற்குப் பக்கத்தில், பொட்டளவு வட்டத்தில், மகளின் காலேஜ் போட்டோ வரும்.

மகள் போன், மகள் படம். அது தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தாள், பாவி.

“இதைக் கேளுங்க. ‘கை நீட்டற ஆம்பளைக்கு என்னத்துக்கு ஆக்கிப் போடற? போலீஸ் ஸ்டேஷன் எதுக்குடி இருக்குது?’ இதுக்கு எண்ணூறு லைக்காமா!”

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

சொல்லிவிடலாம். எழுதினது நான், எம் பொண்ணு இல்லை. ஒரு வார்த்தை போதும்.

சொன்னால், பெற்றவளே தூண்டிவிடுகிறாள் என்று இன்றைக்கே பெட்டியோடு அனுப்பிவைப்பார்கள். சின்னவளுக்கு அடுத்த மாதம் நிச்சயம். மூத்தவள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

அவள் காபி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“உங்க அம்மா முன்னாடியே கேக்கறேன். நீதான எழுதுன? சொல்லு புள்ள.”

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள்.

அவள் டம்ளருக்குள் பார்த்தாள்.

“ஆமா. நான்தான் எழுதுனேன்,” என்றாள் மகள்.

“கேட்டீங்களா சம்பந்தி? நாலு நல்ல புத்தி சொல்லிட்டுப் போங்க.”

சொன்னாள். போன வாரம் மகள் போனில் அழுதபோது சொன்ன அதே புத்தி.

“கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு. ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும். ஒரு குழந்தை வந்தா எல்லாம் சரியாப் போயிரும்.”

சிந்துஜா தலையாட்டினாள்.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை எழுதியது. அன்றைக்கு நாடகத்தில் அமிர்தாவின் அம்மா வந்திருந்தாள். மகளைப் பொறுத்துப் போகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

“‘இவளெல்லாம் ஒரு அம்மாவா? பெத்த வயிறு எரியலையா இவளுக்கு?’”

மாமியார் போனை டீப்பாய் மேல் வைத்தாள்.

“பாருங்க, உங்களையும் விட்டு வெக்கலை.”

வாசல் வரை சிந்துஜா வந்தாள். செருப்புக்குள் கால் நுழைய மாட்டேன் என்றது.

“எனக்குத் தெரியாது சாமி. உம் பேர்ல போகும்னு சத்தியமாத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்மா.”

அவள் நிமிர்ந்தாள்.

“யாராச்சும் லைக் போட்டா எம் போன்லயும் வந்து நிக்கும். ரெண்டு வருசமா வருது. அழிச்சிருக்கலாம், மனசு வரலை.” சிந்துஜா கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நீ பேசிட்டு வெச்ச பின்னாடி, அதைத்தான் எடுத்துப் படிப்பேன்.”

உள்ளே இருந்து மாப்பிள்ளை கூப்பிட்டான்.

சிந்துஜா போனாள்.

அம்மா பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் ஆறரைக்குச் சின்னவள் டிவியைப் போட்டாள். அமிர்தாவை இன்றைக்கு இருட்டறையில் தள்ளிப் பூட்டினார்கள். கதவைத் தட்டித் தட்டி அம்மா, அம்மா என்று கத்தினாள். தொடரும் என்று போட்டார்கள்.

அவள் போனை எடுத்தாள். வட்டத்துக்குள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை அமுக்கினாள்.

‘இப்போது பேசவும்’ என்று வந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அது தானாக அணைந்தது.

மறுபடியும் அமுக்கினாள்.