மெல்லிசே போதும்!

"இவ்வளவு கனமா எதுக்கு? தூக்கவே ரெண்டு ஆள் வேணும். மெல்லிசே போதும், சுருட்டிக் கொடுங்க" என்றாள் மூத்த மருமகள்.

கடைக்காரர் தயங்கினார். "புயல் வருதுங்கறாங்கம்மா. அந்த மெல்லிசுத் தார்ப்பாய் காத்துக்குத் தாங்காது."

"எங்க வீட்டுக் கூரை எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, கடைக்குள் நுழைந்தாள். ஒரே ஓட்டு வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இளையவள் கனமான தார்ப்பாயை விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஊசி முனை அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. ஓரத்து வளையங்களைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"அண்ணே, இதுலயே பெருசு எடுங்க. நல்ல கயிறும் வேணும்."

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் மெல்லிசு எடுத்தா, சில பேருக்குக் கனமானது எடுத்தாத்தான் தூக்கம் வரும். பவுசு காட்டணும்ல!"

இளையவளும் கடைக்காரரையே பார்த்தாள். "சீக்கிரம் கட்டுங்கண்ணே. வானம் இருட்டிக்கிட்டு வருது."

பாவம், அவர் இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்தார்.

மத்தியானம் காற்று கிளம்பியது. மூத்தவள் கூரையில் கட்டியிருந்த மெல்லிசு படபடவென்று அடித்துக்கொண்டு, நார் நாராகக் கிழிந்து பறந்தது. ஓடுகள் சரிந்தன. பச்சைக் குழந்தையோடு மகள் படுத்திருந்த அறைக்குள் மழை இறங்கியது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

பதறிக்கொண்டு வெளியே ஓடினாள். பக்கத்து ஏணியில் இளையவள், தோளில் தார்ப்பாயோடு.

'தன் பக்கத்தை மூடிக்கிட்டு ஜம்முனு இருக்கப் போறா!' மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநொடி தார்ப்பாய் நடுச்சுவரைத் தாண்டி, இந்தப் பக்கக் கூரைமேல் விரிந்து விழுந்தது.

"அக்கா! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கயித்தைப் பிடிங்க!"

பிடித்தாள். காற்று தார்ப்பாயை உப்ப வைத்தது. சேற்றில் கால் வழுக்கியது.

"விட்டுடாதீங்கக்கா!"

"நான் விட மாட்டேன். நீ முதல்ல கீழ விழாம இரு!"

இழுத்தார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு முடிச்சு, தூணில் ஒரு முடிச்சு. காற்று முட்டி மோதிப் பார்த்தது. தார்ப்பாய் அசைந்து கொடுக்கவில்லை. அதன்பிறகு அறைக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று கத்தினாள் மூத்தவள். தொப்பலாக நனைந்த இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் இளையவளின் வீட்டுக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது.

"அடிப்பாவி! உன் கூரை ஒழுகுதே?"

"எனக்கு அங்கங்க குண்டான் வெச்சா போதும். குழந்தைக்கு அப்படியாக்கா?"

மூத்தவள் முந்தானையைப் பிழிந்து அவள் தலையைத் துவட்டினாள்.

"கடையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி?"

"நல்லா இருக்கே! கனமானது வாங்குங்கன்னு நான் வாயைத் திறந்திருந்தா, அதைவிட மெல்லிசா ஒண்ணு தேடிப் பிடிச்சு வாங்கியிருப்பீங்களேக்கா!"