நீலப் பெட்டி

அவர் மறுபடியும் குப்பையில் கை விட்டிருந்தார்.

பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நீலப் பெட்டி, வேண்டாத காகிதங்களுக்கானது. வாரம் ஒரு தடவை லாரி வந்து மறுசுழற்சிக்கு அள்ளிக்கொண்டு போகும். அதற்குள் தபால் பிரிவு அண்ணன் அதை ஒரு அலசு அலசிவிடுவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாள் எதுவும் அவரிடமிருந்து தப்பாது. நான்காக வெட்டி, ஓரத்தில் பின் அடித்து, குறிப்பெழுத மேசைக்கு மேசை கொண்டுவந்து வைப்பார்.

“மனுஷன் கல்யாணப் பத்திரிகையைக்கூட முதல்ல திருப்பித்தான் பார்ப்பாரு” என்பார் கணக்கர்.

எல்லோரும் சிரிப்பார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அடிக்கிற அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

காரணம், கண். ஒரு வருஷமாகவே மூன்றும் எட்டும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. தண்ணீர் பட்ட மாதிரி எழுத்தெல்லாம் ஓரத்தில் கலங்கியது. வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. பார்வை மங்கியவளை எந்த ஆபீஸ் கடிதம் அடிக்க வைத்துக்கொள்ளும்? அதிலும் அவர்கள் பிரிவில் ஒரு ஆளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. பிரிவில் இருப்பதே இரண்டு பேர். அடிக்கிற அவள். அதை உறையிலிட்டு அனுப்புகிற அவர்.

அவள் தப்பாக அடித்துக் கசக்கிப் போட்ட தாளை அவர் எடுத்து, மேசைமேல் வைத்து நீவி நீவிப் படித்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

“எதுக்குச் சேர்த்து வைக்கிறான்? நாளைக்கு மேனேஜர் முன்னால விரிக்கத்தான்” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு வேலை போய் எட்டு மாதம். “நீ முந்திக்கோ.”

அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பாதியில் எழுந்து வந்தபோது, அவர் அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, என் சீட்ல?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. ஒரு தேதி பார்த்தேன்.”

கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

அன்று மூன்று மணிக்கு இருவரையும் கூப்பிட்டார்கள்.

“பதினோரு வருஷமா இருக்கீங்க. அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல உங்களுக்கு என்ன வேலை?” என்றார் மேனேஜர்.

அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நீலப் பெட்டியிலேருந்து இவங்க அடிச்ச லெட்டரை எடுக்கிறீங்களாமே. குறிப்புப் புத்தகம் பண்ணத்தான்னா சரி. அதுல இந்தத் தாள் ஒண்ணுகூட இல்லைங்கிறாங்க. எங்கே போகுது அதெல்லாம்?”

அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“தப்புதான் சார்.”

“அது எனக்கும் தெரியுது. காரணம் என்ன?”

“சொல்ற மாதிரி இல்ல சார்.”

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வாய் எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டாள். மேனேஜருக்கும் ஒரு பாரம் இறங்கியது. யாரைக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாயங்காலம் செக்யூரிட்டி பக்கத்தில் நிற்க, அண்ணன் ஒரு பையும் குடையுமாகப் படியிறங்கினார். “இனிமே லாரிக்காரனுக்குத்தான் வேலை ஜாஸ்தி” என்றார் கணக்கர். யாரும் சிரிக்கவில்லை. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் போன் மேல் போன். எட்டாம் தேதி பழுது பார்க்க ஆள் வரும் என்று கடிதம் போயிருந்தது. மூன்றாம் தேதியே ஆள் போய், பூட்டின வீடுகளின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். கதவு எண் மாறி நாலு கடிதம் திரும்பி வந்தது.

“இத்தனை நாளா உங்க லெட்டர் மேல ஒரு புகார் வந்ததில்ல” என்றார் மேனேஜர். “இந்த ஒரே வாரத்துல ஆறு. என்னம்மா ஆச்சு?”

“அண்ணன் வேலையும் சேர்ந்துடுச்சு சார். அந்த அவசரத்துல...”

“பார்த்து அடிங்க. இந்தாங்க, அவர் டிராயர் சாவி. உறை அதுக்குள்ளதான் இருக்கும்.”

உறைகளுக்கு அடியில், நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு இருந்தது. நடுவிலிருந்து ஒரு தாளை உருவி மூக்குக்கு நேரே பிடித்தாள். அவள் அடித்த கடிதம். தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘மதியம் திருத்தி வேற அனுப்பியாச்சு.’

அடுத்ததிலும் ஒரு வட்டம். அதற்கடுத்ததிலும். கசக்கிப் போட்டவைகூட நீவிவிட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒரு வருஷத்துத் தாள்கள். திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட வெட்டப்படவில்லை. பின்பக்கம் எல்லாம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

கட்டுக்கு அடியில் ஒரு முழுத்தாள். மேனேஜர் அறையில் அவர் காரணம் சொல்லாமல் நின்ற அந்த நாளின் தேதி. அதைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் பருமனுக்கு எழுதியிருந்தார்.

‘தங்கச்சி, இதை நீலப் பெட்டியில போட்டுடாதே. யாராவது படிச்சிடுவாங்க.’