பாடும் வீடு

அறிவுத்திறன் குறைபாடுள்ள முதியவர்கள் வாழும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வீடு அது. அங்கே வாழ்பவர்களில் ஒருவரான வின்னி, ஒரு மாதமாகவே சமையலறையில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்தார். இன்று மாடியில் கிளிஃபோர்டும் பாடத் தொடங்கியதும், பராமரிப்பாளர் டாராவுக்கு மனசு லேசானது.

புற்றுநோய் முற்றி டாக்டர்கள் கைவிரித்துவிட்ட மனிதர் கிளிஃபோர்ட். நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது.

அவர் வலியைக் குறைக்க மார்ஃபின் ஊசியோடு வந்த நர்ஸை டாரா வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னிக்கு ஊசி வேண்டாம் சிஸ்டர். கேளுங்களேன், பாடுறாரு! ஊசி போட்டா பாவம், தூங்கிடுவாரு."

"அப்ப எதுக்குக் குத்தணும்? வலிச்சா போன் பண்ணு" என்று நர்ஸ் திரும்பினாள்.

வின்னி ஈரக் கையோடு ஓடிவந்து நர்ஸின் பையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்க! கிளிஃபுக்கு வலிக்குது."

"பாடுறாரே வின்னி!"

"வலிச்சாதான் பாடுவான். சின்ன வயசுல எங்களை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அடைச்சு வெச்சிருந்தாங்கல்ல... அங்க அழுதா இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டிடுவாங்க. பாடினா விட்டுடுவாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

நர்ஸ் ஊசியோடு மாடியேறினாள். கொஞ்ச நேரத்தில் மேலே பாட்டு அடங்கியது.

டாரா படிக்கட்டிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வின்னி அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். பாட ஆரம்பித்தார்.

டாரா பதறி எழுந்து ஓடினாள்.

"வின்னி... உங்களுக்கு எங்க வலிக்குது?"