அப்பா வழிச் சொத்து

டாக்டரம்மா நீட்டிய உறையை வாங்கும்போது பல்செட்டுக்காரரின் வலது கை நடுங்கியது. டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டதை இவரும் கவனித்தார்.

“ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்,” என்றார்.

தாத்தா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் நாற்பதைத் தாண்டியதும் கைதான் முதலில் ஆடத் தொடங்கியது. பிறகு கால், பிறகு நாக்கு. சித்தப்பா கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கைதான். இவருக்கு இப்போது நாற்பத்தாறு.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கிருந்த டாக்டர் ஒருவர் விளக்கியிருந்தார். இந்த வியாதிக்கான மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும்; அப்பாவிடம் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. இரண்டில் ஏதோ ஒன்றுதான் பிள்ளைக்கு வரும். எது என்பது பாதிக்குப் பாதி.

அன்றைக்கே இவர் முடிவு செய்தார். கல்யாணம் வேண்டாம், குழந்தை வேண்டாம், இந்தச் சனியன் தன்னோடு ஒழியட்டும். பல் கிளினிக்கின் பின்னறையில் மெழுகும் அச்சு வார்க்கும் மாவுமாக உட்கார்ந்து ஊர்ப்பட்ட வாய்களுக்குப் பல்செட் செய்தார். காலையில் எழுந்ததும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். சிந்தாவிட்டால்தான் வேலைக்குக் கிளம்புவார்.

முன்னறையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இவருக்காக மூன்று வருடம் காத்திருந்தாள். வியாதியைப் பற்றிச் சொன்னபோதுகூட, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இவர்தான் பிடிகொடுக்கவில்லை. போன மாதம் அவள் தன் மகளுக்குப் பல்லில் கம்பி போட வந்திருந்தாள். மகளின் பல் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மாவின் அதே தூக்கலான முன்பற்கள். அன்று முழுக்க இவருக்கு வேலை ஓடவில்லை.

இதற்கு ரத்தப் பரிசோதனை வந்து பல வருடமாகிவிட்டது. போய்ப் பார்த்துவிடு, உனக்கு அது வராது என்று அம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பெற்ற மனசு அப்படித்தான் பேசும் என்று இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் மெழுகு செதுக்கும் கத்தி கைநழுவி விழுந்த பிறகுதான் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார்.

டாக்டரம்மா உறையைத் திரும்ப வாங்கி, தானே பிரித்துக் காட்டினார்.

“இது பயத்துல வர்ற நடுக்கம். அந்தக் கெட்ட மரபணு உங்களுக்கு இல்ல. இனிமே வரவும் வராது.”

வீடு போய்ச் சேரும்வரை இவருக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. வராத வியாதிக்கு வாழ்க்கையில் பாதியைத் தாரைவார்த்த ஆள் உலகத்திலேயே தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்போதே போயிருக்கலாம் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கூடத்துச் சுவரில் இருந்த அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை வருடம் இந்த மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறோம் என்று குற்ற உணர்ச்சியாக இருந்தது.

“பாவம்மா அப்பா. தன்கிட்ட இருந்த நல்ல பாதியைத்தான் எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கார்.”

நறுக்கும் சத்தம் நின்றது. அம்மா கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

“அவர்கிட்டேருந்து உனக்கு எந்தப் பாதியும் வரலப்பா.”