மாடி மாறிய ஏரியல்

1991 ஜூன் மாசம். பெங்களூரில் கம்பெனி டிரெயினிங் முடிந்து, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெட்டியோடு வாசலில் நின்று மேலே பார்த்தால், மொட்டை மாடியில் என் ஏரியலைக் காணோம்!

பார்க்க டி.வி. ஏரியல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அலுமினியக் குழாயை வாங்கி நானே அறுத்து நானே செய்தது. நான் ஹாம் ரேடியோக்காரன். சர்க்கார் லைசென்ஸ் உண்டு. பகலெல்லாம் ஃபேக்டரியில் மெஷின்களின் எலக்ட்ரானிக்ஸ் கார்டுகளோடு மாரடித்துவிட்டு வந்தால், சாயங்காலம் மெட்ராஸ் நண்பர்களோடு ரேடியோவில் பேச்சு. அரசியல் மட்டும் பேசக் கூடாது, விதி. அதைக் கேன்டீனில் பேசித் தீர்த்துக்கொள்வேன்.

திரும்பினேன். எதிர் வீட்டு செல்வமேரி அக்காவின் மாடியில், அவர்கள் கம்பத்தில், ஜம்மென்று நிற்கிறது என் ஏரியல்!

எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த அக்காவுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் மைக்கைப் பிடித்தால் அவர் டி.வி.யில் கோடு கோடாக ஓடும். "ஞாயித்துக்கிழமை ஒரு படம் பாக்க வுட மாட்டியா? உன் டப்பாவைத் தூக்கிக் கெணத்துல போடுறேன் இரு!" என்று தெருவே கேட்கக் கத்துவார்.

முகம்கூடப் பார்க்காத என் ரேடியோ நண்பர்கள் எங்கே, எதிரிலேயே இருந்துகொண்டு திருடுகிற இவர் எங்கே!

மனசு ஆறாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மெட்ராஸ் கோதண்டராமன் சாருக்குப் போன் போட்டேன். "அன்பு, உனக்கு ஒண்ணுன்னா ஓடி வருவேன்" என்று ரேடியோவில் அடிக்கடி சொல்பவர்.

"சார், என் ஏரியலைத் திருடிட்டாங்க சார்!"

"அன்பு, நேரம் சரியில்ல. கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டார். பாவம், அவருக்கு என்ன வேலையோ.

அந்தக் கோபத்தையும் சேர்த்து எதிர் வீட்டு வாசலில் கொட்டினேன்.

"அக்கா! வெளிய வாங்க!"

கையில் கரண்டியோடு வந்தார்.

"இன்னா தம்பி, வந்ததும் வராததுமா?"

"மாடியில நிக்கிறது யார் ஏரியல்?"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? ஆள் ஊர்ல இல்லன்னா அடுத்தவன் பொருளைத் தூக்கிடுவீங்களா? ஞாயிறு தவறாமப் பூசைக்கு வேற போறீங்க!"

"வாயை மூடு!" கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "போன மாசம் பக்கத்து ஊர்ல தலைவரைக் கொன்ன அந்தக் குண்டு வெடிச்சதிலேர்ந்து ஊர் இன்னா கதில கீதுன்னு தெரியாதா உனக்கு? நீ போன மறுநாளே ஜீப்பு வந்துச்சு. எந்த வூட்ல வயர்லெஸ் கீது, வெளியூர் ஆளு எவன் தங்கிகினு கீறான்னு வூடு வூடா கேட்டுகினு வந்தாங்க."

"எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே!"

"அத்த அவங்க எப்போ கேப்பாங்க? அடிச்ச பிறகா? பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக்கை இட்டுகினு போனாங்க. இன்னும் வூடு திரும்பல. டீக்கடையாண்ட ஜீப்பைப் பாத்ததும் எங்க வூட்டுக்காரரும் உன் ஹவுஸ் ஓனர் முனிரத்தினமும் ஓடிப் போய் உன் ஏரியலைக் கழட்டினாங்க. பூட்டிக் கெடந்த உன் ரூமை சாமான் ரூமுன்னு சொல்லிட்டாரு முனிரத்தினம்."

குரலைத் தாழ்த்தினேன்.

"ஒ... ஒளிச்சு வச்சிருக்கலாமேக்கா?"

"ஒளிச்சு வச்சா தோண்டி எடுப்பாங்க. டி.வி. இருக்குற வூட்டு மேல நின்னா எவன் கேப்பான்?"

"அப்போ உங்க ஏரியல்?"

"கட்டிலுக்கு அடில கீது. அத்தக் கழட்டினாத்தானே இத்த மாட்ட முடியும்? உன்னுதுல ஒரு மண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழமை படமெல்லாம் வெறும் புள்ளி புள்ளியாப் போச்சு. இதுக்கு உன் கோடே தேவலாம்!"