வீடு திரும்பாத பித்தத்துளி

கல்லீரல் வீட்டில் ஒரு பித்தத்துளி இருந்தது. சாப்பாட்டில் எண்ணெய் வந்தால் குடலுக்கு இறங்கிப் போய் அதைக் கரைக்கும். வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசி வளைவில் இருக்கும் வாசல் வழியாக ரத்தத்தில் ஏறி வீடு வந்து சேரும்.

"நான் இல்லாட்டி இந்த வீடு ஒரு நாள் ஓடுமா?" என்று பீற்றிக்கொள்ளும்.

அன்றைக்குக் குடலில் ஒரு வெள்ளைக் குருணை உட்கார்ந்திருந்தது. கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துப் பொடியில் வந்த குருணை. துளியைக் கண்டதும் கையில் ஒட்டிக்கொண்டு வந்த உப்பை உதறிவிட்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"விடப்பா, என் வாசல் வரப்போகுது."

குருணை விடவில்லை. வாசல் வந்தது. குருணையோடு சேர்த்து அதில் நுழைய முடியவில்லை. வாசல் பின்னால் போய்விட்டது. துளி திமிறிப் பார்த்தது.

"என்னைக் காணோம்னு வீட்ல தேடுவாங்களே!"

"தேடமாட்டாங்க," என்றது குருணை, கோபமே இல்லாமல். "ரத்தத்துல திரியிற கொழுப்பை இழுத்து உன்னை மாதிரியே இன்னொருத்தனைச் செஞ்சுக்குவாங்க. அந்தக் கொழுப்பு குறையணும்னா நீ திரும்பிப் போகக் கூடாது. அதுக்குத்தான் நான் வந்தேன்."

துளி நம்பவில்லை. இருட்டுக்குள் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அச்சு அசல் அதன் குரலேதான்.

"நான் இல்லாட்டி இந்த வீடு ஒரு நாள் ஓடுமா?"

'ஓடிப் போயிடு' என்று கத்தத் துளி வாயெடுத்தது. அதற்குள் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யாரோ உப்பை உதறும் சத்தம் கேட்டது.